நீலமலையில் குடி நின்ற காலங்கள்

நீலகிரியில் குடிப்பதற்கு யாரும் காரணம் தேடி அலைய வேண்டியதில்லை. குளிர் இருக்கிறது. விடியற்காலையில் காய்கறி மூட்டை ஏற்றுபவர், மார்கழிப் பனியில் காவலுக்கு நிற்பவர், மழையில் லாரி ஓட்டிக் குன்னூர் மலைப்பாதையில் ஏறி வருபவர் என்று எல்லாரிடமும் கேட்கக் கிடைப்பது அந்த ஒரே விடைதான். சமவெளியிலிருந்து இரண்டு நாள் விடுமுறைக்கு வருகிறவரும் பர்லியாறு தாண்டியதும் அந்தக் காரணத்தைக் கடன் வாங்கிக்கொள்கிறார். அதற்கு வயது ஏறக்குறைய இருநூறு ஆண்டு.

காரணம் பொய் என்பதை மருத்துவம் எப்போதோ சொல்லிவிட்டது. மது உள்ளே போனதும் தோலுக்கடியில் இருக்கும் ரத்தக் குழாய்கள் விரிகின்றன. உள்ளுறுப்புகளைக் காக்க வேண்டிய வெப்பம் தோலுக்கு வந்து வெளியேறுகிறது. கதகதப்பு என்று நாம் உணர்வது உடல் தன் சூட்டை இழந்துகொண்டிருப்பதைத்தான். ஆனால் மருத்துவரிடம் போகாமலேயே இதை அறிய ஒரு வழி உண்டு. தேயிலைத் தோட்டத்தில் நாளெல்லாம் மழையில் நனைந்து கொழுந்து பறிப்பவர்களில் பெரும்பாலோர் பெண்கள். மலையில் குளிரை அதிகம் தாங்குபவர்கள் அவர்களே. மதுக்கடையின் முன்னால் நிற்கும் கூட்டமோ பெரும்பாலும் ஆண்களுடையது.

இன்னொரு சோதனையை வரலாறே நடத்திக் காட்டியிருக்கிறது. இந்த மலையில் குடி பலமுறை நின்றிருக்கிறது. சில நேரம் ஆறு மாதம், சில நேரம் இருபத்து மூன்று ஆண்டு, சில நேரம் 41 நாள். நிறுத்தியவர்கள் வெவ்வேறு ஆட்கள்: ஒரு பாப்டிஸ்ட் பாதிரியார், ஒரு படைத்தளபதி, ஓர் அரசு, ஒரு தெய்வம், ஒரு கிருமி. ஒவ்வொரு முறையும் குளிர் மட்டும் அப்படியே இருந்தது. இந்த நிறுத்தங்களில் எது மனிதனிடம் எதையேனும் விட்டுச் சென்றது என்பதே இங்கு என் கேள்வி.

*

மலைக்கும் மதுவுக்கும் உள்ள உறவு தமிழ் இலக்கியத்துக்குப் புதிதல்ல. சங்கப் பாடல்களின் குறிஞ்சி மக்கள் தேனிலிருந்து தேறல் செய்தார்கள். மூங்கில் குழாயில் அடைத்து முதிரவிட்ட அந்தத் தேறல் விருந்தினருக்கு வழங்கப்படுவதை மலைபடுகடாம் சொல்கிறது. ஒளவைக்கும் அதியமானுக்கும் இடையே இருந்த கள்ளின் தோழமை யாவரும் அறிந்தது. அதே மரபு பின்னர் திருக்குறளில் கள்ளுண்ணாமை என்று ஓர் அதிகாரமும் கண்டது. விருந்தும் விலக்கும் ஆக இரண்டுமே நம்முடையவைதாம்.

ஆனால் நீலகிரியின் மேட்டுநிலத்துக்கு ஒரு தனித்தன்மை உண்டு. கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய இரண்டாயிரம் மீட்டர் உயரத்தில் பனையும் தென்னையும் வளர்வதில்லை. ஆகவே சமவெளி உழவனின் அன்றாடக் கள் இங்கே கலயத்தில் இறங்க வழியில்லை. தோடர்களின் வாழ்வும் சடங்கும் எருமைப் பாலைச் சுற்றியே அமைந்தவை. அன்றாடக் குடி என்பது இந்த மலைக்கு வெளியிலிருந்து, வண்டியிலும் சுமைமாட்டிலும் ஏறி வந்த சரக்கு. கள் ஏறவில்லை, சாராயம் ஏறியது.

அது யாருக்காக ஏறியது என்பதில் ஐயமில்லை. 1819-இல் கோவை கலெக்டர் ஜான் சல்லிவன் மலையேறினார். அடுத்த முப்பது ஆண்டுகளில் உதகை வெள்ளையரின் உடல்தேற்றும் இடமாகிவிட்டது. 1850-களில் குன்னூருக்கு அருகே ஜக்கதலாவில் ஐரோப்பியப் படையினருக்காகப் பெரிய பாராக்ஸ் எழுந்தது. 1860-இல் அதற்கு வெலிங்டன் என்று பெயரிட்டார்கள். சமவெளியின் வெயிலிலும் காய்ச்சலிலும் நலிந்த சிப்பாய்கள் மலைக்காற்றில் தேறட்டும் என்பது நோக்கம். அவர்களை நலிவித்தவற்றுள் குடியும் ஒன்று. கிழக்கிந்தியக் கம்பெனியின் காலந்தொட்டே வெள்ளைச் சிப்பாய்க்கு நாள்தோறும் சாராயமோ ரம்மோ அளந்து ஊற்றுவது வழக்கம். சம்பளத்தைப் போல அது அவனுடைய உரிமை. குடிக்கக் கொடுப்பதும், குடித்ததற்குத் தண்டிப்பதும், குடியால் கெட்ட உடம்பைத் தேற்ற மலைக்கு அனுப்புவதும் ஒரே படைநிர்வாகத்தின் மூன்று வேலைகள்.

இந்தச் சுற்றை உடைக்க முயன்றவர் ஜான் கெல்சன் கிரெக்சன் என்ற பாப்டிஸ்ட் போதகர். 1862-இல் ஆக்ராவில் அவர் சிப்பாய்களுக்கான மதுவிலக்குச் சங்கத்தைத் தொடங்கினார். அதன் கிளைகள் படைமுகாம்கள்தோறும் பரவின. அவருடைய முறையில் கவனிக்க வேண்டியது கால அளவு. வாழ்நாள் முழுதும் குடிக்க மாட்டேன் என்று சொல்லச் சிப்பாய் தயங்குவான். ஆறு மாதம் என்றால் சொல்லிப் பார்ப்பான். ஆறு மாதம் காத்தவனுக்கு ஒரு பதக்கம், ஓராண்டுக்கு வேறொன்று, மேலும் ஆண்டுகள் கூடினால் அதற்கேற்ப மேலும் பதக்கங்கள். போருக்குக் கிடைப்பதைப் போலவே குடியாமைக்கும் நெஞ்சில் குத்திக்கொள்ள ஓர் அடையாளம் கிடைத்தது.

1881 முதல் 1885 வரை சென்னைப் படையின் தலைமைத் தளபதியாக இருந்தவர் பிரெடெரிக் ராபர்ட்ஸ். கோடையில் உதகையில் தங்கியவர், சிப்பாயின் குடியை அருகிலிருந்து பார்த்தவர். பின்னர் இந்தியப் படை முழுவதற்கும் தலைமைத் தளபதியானதும், 1888-இல் படையிலிருந்த மதுவிலக்கு அமைப்புகளை ஒருங்கிணைத்து ராணுவ மதுவிலக்குச் சங்கமாக்கினார். அவர் கண்ட உண்மை எளியது. சிப்பாய்க்கு மாலை நேரத்தில் போக்கிடம் இல்லை, கேண்டீன் ஒன்றுதான் வெளிச்சமாக இருந்தது. எனவே வாசகசாலை, விளையாட்டறை, காப்பி கிடைக்கும் கூடம் ஆகியவற்றையும் முகாமுக்குள் கொண்டுவந்தார். மாலை ஆறு மணிக்கு ஒருவன் எங்கே போவான் என்ற கேள்விக்கு விடை தராமல் குடியை நிறுத்தச் சொல்ல முடியாது என்பதை ஒரு படைத்தளபதி புரிந்துகொண்டார். பின்னாளில் அரசுகள் அதை மறந்தன.

*

பாராக்ஸின் கதை இப்படியிருக்க, தோட்டத்தின் கதை வேறு. முதலில் காப்பியும் பிறகு தேயிலையும் மலைச்சரிவுகளை மூடின. கங்காணிகள் முன்பணம் கொடுத்துச் சமவெளிகளிலிருந்து ஆட்களைக் கூட்டி வந்தார்கள். லைன் வீடுகளில் குடும்பங்கள் அடைந்தன. கூலி வரும் நாளும் சந்தை கூடும் நாளும் சாராயக் கடைக்குத் திருநாள். அரசுக்கும் அப்படித்தான். ஆப்காரி முறையில் கடைகள் ஏலம் விடப்பட்டன. சென்னை மாகாணத்தின் வருவாயில் ஏறக்குறைய கால் பங்கு குடியிலிருந்து வந்தது. சிப்பாய் குடித்தால் படைக்கு நட்டம், கூலி குடித்தால் கஜானாவுக்கு லாபம். தோட்டத் தொழிலாளிக்கு யாரும் பதக்கம் தரவில்லை என்பதில் வியப்பில்லை.

1934-இல் காந்தி தம்முடைய தீண்டாமை ஒழிப்புப் பயணத்தின் நடுவே குன்னூரில் ஏறக்குறைய ஒரு வாரம் தங்கினார். உதகைக்கும் கோத்தகிரிக்கும் சென்றார். தீண்டாமை, கதர், மது ஆகிய மூன்றையும் ஒரே மூச்சில் பேசுவது அவர் வழக்கம். மலைவாழ் சமூகங்களுக்குள்ளும் அந்தக் குரல் முன்பே எழுந்திருந்தது. படுகர் சமூகத்தின் முதல் பட்டதாரி என்று அறியப்படும் ஹுப்பதலை ஆரி கவுடர் சட்டமன்றத்தில் மலைமக்களின் பேராளராக இருந்தவர். 1935-இல் உருவான நீலகிரி கூட்டுறவு விற்பனைச் சங்கத்தின் தூண். உருளைக்கிழங்கு விற்ற பணம் இடைத்தரகனிடம் போகாமல் காத்த அவரை, அது சாராயக் கடைக்கும் போகாமலிருக்கப் பாடுபட்டவராகவும் படுகர்கள் இன்றும் நினைவுகூர்கிறார்கள். கூட்டுறவும் மதுவிலக்கும் அவருடைய தலைமுறைக்கு ஒரே கணக்கின் இரண்டு பக்கங்கள்.

சமவெளியில் இதே பணியைச் செய்துகொண்டிருந்தவர் ராஜாஜி. திருச்செங்கோடு காந்தி ஆசிரமத்திலிருந்து 1929-இல் மதுவிலக்குக்கென்றே ‘விமோசனம்’ என்ற பத்திரிகையைத் தொடங்கினார். கல்கி அதில் அவருக்குத் துணையாக இருந்தார். பத்தே இதழ்கள் வந்த அந்தப் பத்திரிகை தமிழ் இதழியல் வரலாற்றில் ஒரு தனி இடம் பெறத்தக்கது. 1937-இல் ராஜாஜி மாகாணப் பிரதமரானதும் சென்னை மதுவிலக்குச் சட்டம் இயற்றப்பட்டது. அக்டோபர் 1 அன்று சேலம் மாவட்டத்தில் கடைகள் மூடப்பட்டன. இழந்த வருவாயை ஈடுகட்ட 1939-இல் விற்பனை வரி வந்தது. போர்க்காலத்தில் மதுவிலக்கு கைவிடப்பட்டு, 1946-இல் மீண்டும் படிப்படியாகத் தொடங்கியது. 1948 அக்டோபர் 2 அன்று, ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார் ஆட்சியில், மாகாணம் முழுவதும் மதுவிலக்கின் கீழ் வந்தது. நீலகிரியும் அதற்குள் அடங்கியது.

*

அன்று தொடங்கிய நிறுத்தம் 1971 ஆகஸ்ட் வரை நீண்டது. ஏறக்குறைய இருபத்து மூன்று ஆண்டு. மதுக்கடை எப்படி இருக்கும் என்று தெரியாமலே ஒரு தலைமுறை வளர்ந்து, மணம் செய்து, பிள்ளை பெற்றது. உதகையிலும் குன்னூரிலும் கோத்தகிரியிலும் இருபத்து மூன்று குளிர்காலங்கள் வந்துபோயின. கொழுந்து பறிக்கப்பட்டது, கிழங்கு தோண்டப்பட்டது, ரயில் ஏறி இறங்கியது. ‘இந்தக் குளிருக்கு இது இல்லாமல் முடியாது’ என்ற வாதத்துக்கு இதைவிட நீண்ட மறுப்பு வேண்டியதில்லை.

ஆனால் அந்த நிறுத்தம் எல்லாருக்கும் ஒன்றாக இருக்கவில்லை. வெளிநாட்டவருக்கும் மருத்துவச் சான்று பெற்றவருக்கும் பெர்மிட் உண்டு. படையினரின் மெஸ்களுக்கு விலக்கு உண்டு. நீலகிரியைப் போல மன்றங்களும் பங்களாக்களும் படைநிலையங்களும் நெருங்கி அமைந்த மாவட்டத்தில் இந்த ஏற்பாடு கண்ணில் படாமல் இருந்திருக்க முடியாது. சட்டம் ஒன்றுதான், பாட்டில் உள்ள மேசையும் இல்லாத மேசையும் வேறு. மற்றவர்களுக்கு ஜிஞ்சர் கஷாயமும் வார்னிஷும் கள்ளச்சாராயமும் இருந்தன. மறைவும் ஓடையும் விறகும் உள்ள மலைகள் சாராயம் காய்ச்சுவோருக்கு வசதியாயின. கல்வராயன் மலை அந்தப் பெயரை நெடுங்காலம் சுமந்தது.

1971-இல் மு. கருணாநிதியின் அரசு கடைகளைத் திறக்க முடிவு செய்தது. சுற்றிலும் மது ஓடும் மாநிலங்களுக்கு நடுவே தமிழகம் நெருப்பு வளையத்துக்குள் வைத்த கற்பூரம்போல இருக்கிறது என்ற உவமை அப்போது புகழ்பெற்றது. முதுமையிலிருந்த ராஜாஜி முதலமைச்சரைச் சந்தித்து வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதும், ஆகஸ்ட் 30 முதல் கடைகள் திறக்கப்பட்டதும் பலரும் எழுதிய கதை. அந்த ஆண்டின் நடுவில்தான் ஆரி கவுடர் மறைந்தார். அடுத்த ஆண்டின் இறுதியில் ராஜாஜியும் மறைந்தார்.

அந்த முடிவுக்குக் கொடுக்கப்பட்ட பெயரில் நாம் கொஞ்சம் நிற்க வேண்டும். மதுவிலக்கு ரத்து என்று யாரும் சொல்லவில்லை. மதுவிலக்கு ‘ஒத்திவைப்பு’ என்றார்கள். அதாவது தற்காலிகமாக விடுப்பில் சென்றது குடி அல்ல, விலக்கு. குடிகாரர் கொஞ்ச நாள் குடியை நிறுத்துவதுபோல, மாநிலம் கொஞ்ச நாள் மதுவிலக்கை நிறுத்திவைத்தது. மூன்றே ஆண்டுகளில், 1974 ஆகஸ்ட் 30 அன்று, விலக்கு விடுப்பிலிருந்து திரும்பி வந்தது. 1981 மே மாதம் எம்.ஜி.ஆர். ஆட்சியில் மீண்டும் விடுப்பில் போயிற்று. 1983-இல் மொத்த விற்பனைக்காக டாஸ்மாக் உருவானது. 2003 நவம்பரில் சில்லறை விற்பனையும் அதன் கைக்கு வந்தது.

சட்டப் புத்தகத்தைப் பார்த்தால் இதன் அங்கதம் இன்னும் கூர்மையாகும். 1937-இன் மதுவிலக்குச் சட்டம் இன்றும் உயிரோடிருக்கிறது. டாஸ்மாக் கடைகள் நடப்பது அந்தச் சட்டத்தின் கீழ்த்தான். துறையின் பெயர் மதுவிலக்கு மற்றும் ஆயத்தீர்வை. 2023-24-ஆம் ஆண்டில் மது விற்பனையால் அரசுக்குக் கிடைத்தது 45,855 கோடி ரூபாய். ஏட்டில் விலக்கே விதி, விற்பனை விதிவிலக்கு. நாட்டிலோ ஆண்டுக்கு எட்டு நாள்தான் விலக்கு: திருவள்ளுவர் தினம், குடியரசு நாள், வள்ளலார் நினைவு நாள், மகாவீரர் ஜெயந்தி, மே நாள், சுதந்திர நாள், மிலாது நபி, காந்தி ஜெயந்தி. அந்த எட்டு நாட்களுக்கும் முந்தைய மாலையில் கடைகளின் முன் நிற்கும் வரிசையைப் பார்ப்பவர், அரசு அறிவிக்கும் இடைவேளைக்கு மக்கள் தரும் மதிப்பை அங்கேயே அளந்துவிடலாம்.

அரசின் நிறுத்தங்கள் பயனற்றவை என்று சொல்ல நான் வரவில்லை. 1948-க்கும் 1971-க்கும் நடுவே லைன் வீடுகளில் அடுப்பெரிந்த இரவுகளின் எண்ணிக்கையை எந்தப் பதிவேடும் குறித்து வைக்கவில்லை என்பதால் அவை இல்லாமல் போகாது. ஆனால் அந்த நிறுத்தம் கடையை மூடியதோடு நின்றது. குடித்துக்கொண்டிருந்தவன் இனி யாராக இருக்க வேண்டும் என்பதற்கு அதனிடம் விடை இல்லை. ராபர்ட்ஸின் வாசகசாலையும் கிரெக்சனின் பதக்கமும் தோட்டத்துக்கு வரவில்லை. கடை திறந்த அன்று அவன் விட்ட இடத்திலிருந்தே தொடர முடிந்தது.

*

அந்த விடையைத் தமிழ்ச் சமூகம் வேறோர் இடத்தில் வைத்திருந்தது. கார்த்திகை முதல் நாள் அதிகாலை, கோயில் வாசலில், குருசாமியின் கையில்.

‘மாலை போட்டிருக்கிறேன்’ என்ற இரண்டு சொற்களுக்கு நம் ஊரில் இருக்கும் வலிமையைப் பற்றி யாரேனும் விரிவாக எழுத வேண்டும். சபரிமலைக்கு 41 நாள் விரதம். மது, புலால், உடலின்பம் இல்லை. கறுப்போ நீலமோ உடுத்தி, காலில் செருப்பில்லாமல், விடியலுக்கு முன் பச்சைத் தண்ணீரில் குளித்து, மாலையில் பஜனை. நீலகிரியில் இது எப்போது நடக்கிறது என்பதைப் பார்க்க வேண்டும். கார்த்திகையும் மார்கழியும், அதாவது உதகையின் புல்வெளிகளில் உறைபனி வெண்மையாகப் படியும் மாதங்கள். குடிப்பதற்குக் குளிரைக் காட்டும் மனிதர், ஆண்டின் மிகக் கொடிய குளிரில், வெறுங்காலோடு, குளிர்ந்த நீரை மொண்டு தலையில் ஊற்றிக்கொள்கிறார். கதகதப்புக்கு ஒரு சொட்டும் இல்லை. இருந்தும் 41 நாள் கழித்து அவர் நலமாகவே இருக்கிறார். அவர் வீடும் நலமாக இருக்கிறது.

இதே குளிரில்தான் படுகர்களின் ஹெத்தை அம்மன் திருவிழாவும் வருகிறது. விரதமிருப்பவர்கள் வெண்ணிற ஆடையுடன், கையில் ஹெத்தைத் தடி ஏந்தி, வெறுங்காலில் ஊர்தோறும் நடந்து கோத்தகிரி அருகே பேரகணிக்குச் செல்கிறார்கள். தோட்டங்களின் கத்தோலிக்கக் குடும்பங்களுக்குத் தவக்காலத்தின் நாற்பது நாள் இருக்கிறது. தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடப்பவர்களுக்குத் தனி நோன்பு. தெய்வங்கள் வேறு, ஆனால் அமைப்பு ஒன்றுதான்: தொடக்க நாள் தெரியும், முடிவு நாள் தெரியும், நடுவில் செய்ய வேண்டியது தெரியும்.

இவற்றுள் எனக்கு மிக முக்கியமாகப் படுவது பெயர். மாலை போட்டவரை ஊர் ‘சாமி’ என்று அழைக்கிறது. நேற்றுவரை தோளில் கைபோட்டு ‘வாடா’ என்று கடைக்கு இழுத்த கூட்டாளியே இன்று ஓரடி தள்ளி நின்று ‘என்ன சாமி’ என்கிறான். மேஸ்திரி அப்படித்தான் அழைக்கிறார், மனைவியும் பிள்ளையும் அப்படித்தான். குடிக்க மாட்டேன் என்பதை அவர் ஒருமுறைகூட விளக்க வேண்டியதில்லை. மறுப்பின் சுமையை மாலை ஏற்றுக்கொள்கிறது. குடிப்பவர் தனியாகப் போராடுவதில்லை, சுற்றியிருப்பவர் அனைவரும் அந்த 41 நாளுக்கு அவரை வேறொருவராக நடத்த ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். கிரெக்சனின் பதக்கம் செய்த வேலையும் இதுதான். மண்டலக் கணக்கு அந்தப் பதக்கத்தைவிடப் பழையது, அதைவிட ஆழமாக வேலை செய்வது.

இதன் மறுபக்கத்தையும் சொல்லியாக வேண்டும். மலையிலிருந்து திரும்பி மாலையைக் கழற்றிய அன்று இரவே கடைக்குப் போகிறவர்கள் உண்டு. விரதத்தின் பளுவில் பாதியைச் சுமப்பது வீட்டிலிருக்கும் பெண். விடியலுக்கு முன் எழுந்து, தனிப் பாத்திரத்தில் சமைத்து, வீட்டைத் துடைத்துவைப்பவள் அவள்தான். அவளுக்கு ‘சாமி’ என்ற அழைப்பு இல்லை. அவளுக்குக் கிடைப்பது சம்பளப் பணம் முழுதாகக் கைக்கு வரும் இரண்டு மாதச் சம்பளநாள். அதை அவள் குறைவாக மதிப்பதில்லை. ஆனால் மாலை கழற்றும் நாளை நாட்காட்டியில் இருவரும் பார்க்கிறார்கள், இரு வேறு மனத்தோடு.

*

2020 மார்ச் 24 மாலை ஆறு மணிக்குத் தமிழ்நாட்டின் மதுக்கடைகள் மூடப்பட்டன. மே 7 அன்று சென்னை நீங்கலாகத் திறந்தன. நடுவில் 43 நாள். ஒரு சபரிமலை விரதத்தைவிட இரண்டு நாள் கூடுதல். யாரும் திட்டமிடாத, யாரும் சங்கல்பம் செய்யாத விரதம் அது. மே 8-இல் உயர்நீதிமன்றம் மூடச் சொன்னது, 15-இல் உச்சநீதிமன்றம் அதற்குத் தடை விதித்தது, 16-இல் கடைகள் மறுபடி திறந்தன. அடுத்த ஆண்டு இரண்டாம் அலையில் நீலகிரியின் நிறுத்தம் இன்னும் நீண்டது. 2021 மே 10-இல் மூடிய கடைகள் ஜூன் 14-இல் 27 மாவட்டங்களில் திறந்தபோது, தொற்று குறையாத 11 மாவட்டங்களில் ஒன்றாக நீலகிரி காத்திருந்தது. ஜூலை 5 அன்றுதான் அங்கே கடை திறந்தது. 56 நாள்.

அந்த நாட்கள் இரண்டு உண்மைகளைக் காட்டின. ஒன்று: தாங்கள் இல்லாமல் முடியாது என்று நம்பிய பலர், இல்லாமல் இருந்தார்கள். வேலை குறைந்து வருமானம் சுருங்கிய காலத்திலும் குடிச்செலவு நின்றதால் பட்டினியைத் தள்ளிப்போட்ட வீடுகள் உண்டு. மற்றொன்று இருண்டது: உடலே மதுவுக்குப் பழகிவிட்டவருக்குத் திடீர் நிறுத்தம் ஆபத்து. நிறுத்திய முதல் நாளிலேயே கைநடுக்கம் தொடங்கும். ஓரிரு நாளில் வலிப்பு வரலாம். இரண்டாம் மூன்றாம் நாளில் மனப்பிறழ்ச்சி தோன்றி உயிரையும் எடுக்கலாம். அவர்களுக்கு மருத்துவரின் துணையோடுதான் நிறுத்தம் நடக்க வேண்டும். ஆனால் கடைகளின் கதவை மூடிய ஆணை எந்த மருத்துவமனையின் கதவையும் அவர்களுக்காகத் திறந்து வைக்கவில்லை. கேரளத்தில் மருத்துவர் சீட்டுக்கு மது தரலாம் என்று அரசு முயன்று, ஏப்ரல் தொடக்கத்தில் அங்குள்ள உயர்நீதிமன்றம் அதற்கு இடைக்காலத் தடை விதித்தது. குடிக்கத் தகாதவற்றைக் குடித்து மாண்டவர்களின் செய்திகள் இரு மாநிலங்களிலிருந்தும் வந்தன. பெயரும் துணையும் இல்லாத நிறுத்தம் எங்கே கொண்டுவிடும் என்பதற்கு அது கசப்பான பாடம்.

மேலைநாடுகளில் இப்போது ஜனவரி மாதம் முழுதும் குடிக்காமலிருப்பது ஓர் இயக்கமாக வளர்ந்திருக்கிறது. பிரிட்டனில் 2013-இல் ஒரு தொண்டு நிறுவனம் அதைத் தொடங்கியது. பின்லாந்து அரசு 1942-இலேயே போர்க்காலச் சிக்கனமாக அப்படி ஒரு ஜனவரியை அறிவித்திருந்தது. சசெக்ஸ் பல்கலைக்கழகத்தின் ரிச்சர்ட் டி விசரும் சக ஆய்வாளரும் 2016-இல் வெளியிட்ட ஆய்வு, அந்த மாதத்தில் பங்கேற்றவர்கள் ஆறு மாதம் கழித்தும் சராசரியாக முன்பைவிடக் குறைவாகவே குடித்தார்கள் என்றது. மாதம் முழுதும் தாக்குப்பிடிக்க முடியாதவர்களிடமும் ஓரளவு மாற்றம் தெரிந்தது. 2018-இல் லண்டன் மருத்துவர்கள் வெளியிட்ட மற்றோர் ஆய்வில், ஒரே மாதம் நிறுத்தியவர்களுக்கு உடல் எடையும் ரத்த அழுத்தமும் குறைந்தன. இன்சுலின் எதிர்ப்பு ஏறக்குறைய கால் பங்கு இறங்கியிருந்தது. கார்த்திகை மாதத்தில் மாலை போடும் தமிழர் உடலில் நடப்பதும் இதுவாகத்தான் இருக்க வேண்டும். அளந்து பார்த்தவர் குறைவு, அவ்வளவுதான்.

*

‘தற்காலிகம்’ என்ற சொல்லைக் கொஞ்சம் இளக்காரமாகவே நாம் பயன்படுத்துகிறோம். மாலை கழற்றியதும் குடிப்பவரைப் பார்த்துச் சிரிக்கிறோம். ஆனால் 1935-இல் அமெரிக்காவில் பிறந்து உலகெங்கும் பரவிய, தமிழ்நாட்டிலும் ஊர்தோறும் கூடுகிற ‘ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்’ குழுக்களின் அடிப்படைப் பாடம் என்ன? இனி எப்போதும் குடிக்க மாட்டேன் என்று சொல்லாதே, இன்று ஒரு நாள் குடிக்க மாட்டேன் என்று சொல். நாளைக்கு நாளை. அங்கே இருபது ஆண்டு குடிக்காதவரும் ஒரு நாள் விரதத்தை ஏழாயிரம் முறை எடுத்தவர்தான். நிரந்தரம் என்பது தற்காலிகங்களால் கட்டப்படுவது.

இந்த மலையின் இருநூறு ஆண்டுக் கதையில் எனக்குத் தெரிவது இதுதான். குடி நிற்பது அரிதல்ல, பலமுறை நின்றிருக்கிறது. நின்ற காலத்தில் அந்த மனிதருக்கு ஒரு பெயரும், மாலையில் போக ஓர் இடமும், கூட நடக்க நாலு பேரும் இருந்தார்களா என்பதே வேறுபாடு. சிப்பாய்க்குப் பதக்கமும் வாசகசாலையும் இருந்தன. சாமிக்கு மாலையும் பஜனையும் இருக்கின்றன. 1948-இன் கூலிக்கும் 2020-இன் தொழிலாளிக்கும் பூட்டிய கதவு மட்டுமே இருந்தது.

2022 மே 15 முதல் நீலகிரியின் டாஸ்மாக் கடைகளில் ஒவ்வொரு பாட்டிலுக்கும் பத்து ரூபாய் கூடுதலாக வாங்கி, காலி பாட்டிலைத் திருப்பித் தந்தால் அந்தப் பணத்தைத் திருப்பிக் கொடுக்கிறார்கள். காட்டில் எறியப்பட்ட கண்ணாடிச் சில்லுகள் யானைகளின் கால்களைக் கிழித்ததால், உயர்நீதிமன்றம் தலையிட்டு வந்த ஏற்பாடு. மாநிலத்தில் இது முதலில் தொடங்கியது இந்த மலையில்தான். நல்ல ஏற்பாடு, யானைக்கு அது வேண்டியதே. பாட்டில் திரும்பி வர வேண்டும் என்று நினைத்த அரசுக்கு, அதைக் குடித்தவர் திரும்பி வருவதற்கும் ஒரு வழி யோசிக்க முடியாதா? தோட்டத்தின் லைன் வீடுகளுக்கு அருகே மாலையில் விளக்கெரியும் ஒரு வாசகசாலை, நடுக்கம் கண்டவர் நாணாமல் போய்ப் படுக்க ஒரு வார்டு, 41 நாள் முடிந்து மாலை கழற்றும் அன்று ‘இன்னும் ஒரு மண்டலம் பாருங்கள் சாமி’ என்று சொல்ல ஓர் ஆள். அடுத்த கார்த்திகைக் குளிர் எப்படியும் வரும். அப்போதும் வெறுங்காலோடு சிலர் அந்தக் குளிரில் நடப்பார்கள்.